கார் சந்தேகப்படுகிறது

கண்ணாடிக்காரரைத் திருடன் என்று அவருடைய காரே முடிவு கட்டியது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அதுவும் சொந்தக் கடை வாசலில், அவருடைய பெயர்ப்பலகைக்கு நேர் கீழே, நாலு பேர் வேடிக்கை பார்க்க.

மனிதர் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர். ஊரில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பது அவர் மாட்டிவிட்ட கண்ணாடி வழியாகத்தான். அன்றைக்குச் சாவியைப் போட்டுத் திருகினார். இஞ்சின் தொண்டையைக் கனைத்தது, பிறகு பேசாமல் அடங்கிவிட்டது. டேஷ்போர்டில் ஒரு குட்டி விளக்கு சிவப்பாக மினுக்கியது. காரின்மேல் ஒரு பூட்டை உட்காரவைத்த படம். கடைசியாக சர்வீஸ் விட்டு எடுத்த நாளிலிருந்தே அது அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டிருந்தது. பார்க்கக் கைப்பை மாதிரி இருந்ததால், யாரோ பையை மறந்துவிட்டுப் போனதைத்தான் கார் சொல்கிறது என்று பின்சீட்டைத் துழாவிப் பார்த்ததோடு சரி. நாலைந்து தடவை திருகினால் கார் கிளம்பிவிடும். அன்றைக்குக் கிளம்பவில்லை. ஹாரன் மட்டும் தானாகவே அலறி ஊரைக் கூட்டியது.

மற்ற நாளாக இருந்தால் கிடக்கிறது போ என்று பேருந்தில் போயிருப்பார். அன்றைக்கு அக்கா வருகிறாள்.

அக்காவும் அவரும் பேசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். காரணம் ஒரு சுவர்க்கடிகாரம். அப்பா கடைசிக் காலத்தில் கடிகாரத்தைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். அதற்குச் சாவி கொடுக்கும் சாவியை மகள் கையில் கொடுத்தார். ஏன் எதற்கு என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். பொருள் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் என்றார் தம்பி. சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பொருள் என்றாள் அக்கா. 'திருட்டுப் பயலே' என்று ஒரு வார்த்தை விழுந்தது. அன்றிலிருந்து கடிகாரம் அவர் வீட்டுச் சுவரில் ஊமையாகத் தொங்கியது, சாவி அவள் வீட்டு அலமாரியில் சும்மா கிடந்தது. இரண்டு பேருமே ஜெயித்துவிட்டார்கள்.

போன வாரம் திடீரென்று அவளே போன் செய்தாள். "கண்ணு மங்கலா இருக்குடா. உன்கிட்ட காட்டலாம்னு இருக்கேன்." அவள் இருக்கும் ஊரில் கண்ணாடிக்கடைக்குப் பஞ்சமா என்ன? கண்ணாடிக்காரர் உடனே வரச் சொன்னார். அவள் விடவில்லை. "சாயங்கால ரயில்ல வர்றேன். ஸ்டேஷன்ல நீ நிக்கலைன்னா அடுத்த ரயில்ல ஏறித் திரும்பிடுவேன். சொல்லிட்டேன்." சொன்னால் செய்துவிடுகிற ரகம். அதனால்தான் கடிகாரத்தைப் போர்வையில் சுற்றி டிக்கியில் வைத்திருந்தார். ஸ்டேஷனில் எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுவது. பேச்சு வேண்டாம். அவருக்குப் பேச வராது.

இழுவை வண்டி காரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம். முகம் தெரியும்படி பளபளக்கும் தரை. வரவேற்பறைச் சுவரில் அதே பூட்டு விளக்கு, ஆள் உயரத்துக்கு, மினுக்கிக்கொண்டே இருந்தது. கேட்டிலேயே வாட்ச்மேன் ஒரு பச்சை டேக்கை நீட்டினார். 'வருகையாளர்' என்று எழுதியிருந்தது.

"சாவியில மாட்டுங்க சார்."

"சட்டைப் பையில வச்சுக்கறேனே."

"சாவியிலதான் தொங்கணும். உள்ள சிப் இருக்கு. இல்லைன்னா திரும்பிப் போகும்போது கேட் திறக்காது."

சாவியில் ஏற்கெனவே ஒரு டேக் தொங்கியது. போன சர்வீஸில் கைகுலுக்கிக் கொடுத்தது. தங்க நிறத்தில் 'மதிப்புமிகு வாடிக்கையாளர்' என்று எழுத்து. அதற்குள்ளும் சிப்தான். அதைக் காட்டினால் காத்திருப்போர் அறை திறக்கும், காப்பி மெஷின் வணக்கம் சொல்லும். காப்பி தராது.

உள்ளே ஓர் ஆலோசகர் எதிர்கொண்டார். கழுத்தில் டை, டையில் மினுக்கும் சிவப்பு விளக்கு.

"கார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது," என்றார் கண்ணாடிக்காரர்.

"அப்படிச் சொல்லக் கூடாது சார். கார் விருப்பப்படலை."

"என் கார்தானேங்க?"

"அதைத்தான் சார் காரும் கேக்குது."

"ரிப்பேரா?"

"ரிப்பேர்னா அந்தப் பக்கம் கவுன்ட்டர். மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் கொடுத்துடுவாங்க. இது ரிப்பேர் இல்ல, சந்தேகம்." ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார். "காலையில காரைக் கிளப்பப் பார்த்தீங்களா?"

"பின்ன? பார்த்தேன்."

"அடடா. திருடனும் முதல்ல அதைத்தான் சார் செய்வான்."

ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு டேக் வந்தது. 'ஐயத்துக்குரிய உரிமையாளர்'. அதுவும் சாவியில் ஏறியது.

"சரி, நான் ஆட்டோ புடிச்சு ஸ்டேஷனுக்குப் போறேன். டிக்கியில ஒரு பொருள் இருக்கு, அதை மட்டும் எடுத்துக்கறேன்," என்றார் கண்ணாடிக்காரர்.

ஆலோசகருக்கு முகம் வாடிவிட்டது. "நீங்க போயிட்டா எப்படி சார்? சந்தேகப்படறதுக்கு ஒரு ஆள் வேணாமா?"

காத்திருப்போர் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் சோப்பு, சீப்பு, துண்டு சகிதம் குடியேறியிருந்தார். ஓர் அம்மா ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நல்ல செடி, காய் பிடித்திருந்தது. "விதை போட்டப்ப சும்மா பொழுது போகட்டும்னுதான் போட்டேன்," என்றார் அந்த அம்மா. எல்லோர் கையிலும் சலங்கைபோலக் குலுங்கும் சாவிக்கொத்து. வெளியே மைதானத்தில் கார்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கியது.

"அதோ, மூணாவது வரிசையில தூசி படிஞ்சு நிக்குதே, அது என்னோடது," என்றார் ஆலோசகர்.

"நீங்க இங்க வேலை பார்க்கறவர்தானே?"

"நானும் கார் விடத்தான் சார் வந்தேன். தினம் வர்ற மனுஷனாச்சேன்னு வேலையே கொடுத்துட்டாங்க."

கண்ணாடிக்காரர் வாசல் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

முதல் கட்டம் 'நம்பிக்கை மீட்பு அமர்வு' என்றார்கள். அதாவது காருக்குள் உட்கார்ந்து, சாவியைத் திருகி வைத்து, விளக்கு அணையும்வரை அசையாமல் இருக்க வேண்டும். ஆலோசகர் ஜன்னலுக்கு வெளியே குனிந்து நின்றார். "மூச்சை மெதுவா விடுங்க. நெத்தியைச் சுருக்காதீங்க. பதட்டப்பட்டா காருக்குத் தெரிஞ்சுடும். காரைப் பத்தி நல்லதா நாலு விஷயம் நினைங்க."

கண்ணாடிக்காரர் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். சீட் நன்றாக இருக்கும். மழையில் ஒழுகாது. மூன்றாவது தட்டுப்படுவதற்குள் போன் அடித்தது.

"ரயில் ஏறிட்டேன்," என்றாள் அக்கா. பின்னால் ரயில் சத்தம். "என்னா சத்தம் இது, சீ. தலையே வலிக்குது. நீ கிளம்பிட்டியா?"

"கிளம்பணும்க்கா. ஒரு சின்னச் சிக்கல். கார் என்னைத் திருடன்னு சொல்லுது."

அக்கா சொன்னாள்: "காருக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

அவர் நெற்றி சுருங்கியது. விளக்கு வேகமாக மினுக்கியது. ஹாரன் அலறியது. "பார்த்தீங்களா, உண்மை சுட்டிடுச்சு," என்று ஆலோசகர் காதைப் பொத்திக்கொண்டு, நீல நிறத்தில் 'அமர்வில் பங்கேற்றவர்' என்ற டேக்கை நீட்டினார். அதுவும் சாவியில் ஏறியது.

அடுத்தது சோதனை. நாலு பேர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து காரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். சீட்டுக்கு அடியில் கண்ணாடிக்காரருடைய பழைய கண்ணாடி ஒன்று கிடைத்தது. டிக்கியில் போர்வை, போர்வைக்குள் கடிகாரம். அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் விசில் அடித்தார்கள். டிக்கியைச் சாத்தி மஞ்சள் காகிதம் ஒட்டி முத்திரை வைத்தார்கள். கண்ணாடிக்காரர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே மேலாளர் அறைக்கு அழைத்துப் போகப்பட்டார்.

மேலாளர் நல்ல உயரம், நல்ல வழுக்கை, நல்ல குரல். கண்ணாடிக்காரரை உட்காரச் சொன்னார். தான் எழுந்து நின்றார். பேசுவதற்கு அதுதான் அவருக்கு வசதி.

"சார், மத்த கம்பெனிக்காரங்க கார் விக்கிறாங்க. நாங்க பாதுகாப்பு விக்கிறோம், கூட ஒரு காரும் வரும். எங்க காருங்கள்ல இதுவரைக்கும் ஒண்ணாவது திருடு போயிருக்கா? போனதில்ல. ஏன்? கிளம்பினாத்தானே சார் திருட முடியும்? உரிமையாளராலயே எடுக்க முடியாத காரைத் திருடன் எப்படி எடுப்பான்? இதைக் கண்டுபிடிக்க எங்க நிபுணர்கள் தலையைப் பிச்சுக்கிட்டு உழைச்சிருக்காங்க. முதல்ல கதவுக்குப் பூட்டு போட்டோம். பத்தலை. ஸ்டியரிங்குக்குப் பூட்டு போட்டோம். பத்தலை. அப்புறந்தான் புரிஞ்சுது, காருக்கு இருக்கற ஒரே ஆபத்து அதை ஓட்டறவங்கதான்."

"எனக்கு ஸ்டேஷனுக்குப் போகணும் சார்," என்றார் கண்ணாடிக்காரர்.

"போறவங்களை நாங்க ஒருநாளும் தடுத்ததில்ல. காரைத்தான் தடுக்கறோம்." மேலாளர் மேஜையில் கையை ஊன்றிக் குனிந்தார். "டிக்கியில ஒரு கடிகாரம் இருக்கே. அது யாரோடது?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். என்னோடது என்றுதான் இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிவந்தார். சொந்தக்காரர்களிடம் சொன்னார், அக்கம்பக்கத்தில் சொன்னார், தனியாக இருக்கும்போது கடிகாரத்திடமே சொன்னார். அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"எங்க அக்காவோடது," என்றார்.

மேலாளர் முகத்தில் விடியல் பரவியது. "அப்ப உங்களோடது இல்ல."

"இல்ல."

"சாவி?"

"அதுவும் அக்காகிட்டதான்."

"சாவி இல்லாம ஒரு பொருள், அதுவும் அடுத்தவங்க பொருள், அதுவும் போர்வையில சுத்தி." மேலாளர் சுவர் விளக்கைப் பார்த்துக் கைகூப்பாத குறைதான். "எவ்வளவு கெட்டிக்காரக் கார் சார் இது! டிக்கிக்குள்ள இருக்கறதை முகர்ந்து பார்த்துட்டுத்தான் நின்னிருக்கு. அந்த அக்காவுக்குப் போன் போடுங்க. ரத்த சம்பந்தம் உள்ளவங்க நீங்க திருடன் இல்லைன்னு வாயால சொல்லணும். அது ரெண்டாவது கட்டம்."

கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவளா கிடைத்தாள்? ஆலோசகரே எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். அறை முழுக்க ரயில் தடதடத்தது.

"மேடம், உங்க தம்பி காரோட எங்க பாதுகாப்புல இருக்கார்," என்றார் மேலாளர். "அவர் எப்பவாவது அடுத்தவங்க பொருளை எடுத்திருக்காரா?"

"எடுத்திருக்கானே," என்றாள் அக்கா உடனே. "கடிகாரம்."

கண்ணாடிக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அதேதான் மேடம்! சுவர்க்கடிகாரம், பெண்டுலம் வச்சது. அவரோட டிக்கியில கண்டுபிடிச்சிருக்கோம். உங்ககிட்டதான் கொண்டு வந்தாராம். உங்களோடதுன்னு அவரே ஒத்துக்கிட்டார்."

ரயில் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு? அவனா சொன்னான்?"

"அவர் வாயால."

"திருப்பிச் சொல்லுங்க. என்னன்னு சொன்னான்?"

"எங்க அக்காவோடதுன்னு சொன்னார் மேடம். இப்ப நீங்க சொல்லுங்க, இவர் திருடனா, இல்லையா?"

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் அவளுடைய வழக்கமான குரல் வந்துவிட்டது. "அவனா? திருடறதுக்கெல்லாம் ஒரு சாமர்த்தியம் வேணும் சார். அவன் செருப்பையே ஒழுங்கா தேடி எடுக்க மாட்டான். எங்க இருக்கு உங்க கடை? அவனை எங்கயும் விடாதீங்க. ஸ்டேஷன்ல இறங்கி நானே வர்றேன்."

திரும்பிப் போகமாட்டாள். வருகிறாள். கண்ணாடிக்காரருக்கு மேலாளரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மேலாளர் அதற்குள் வெள்ளி நிற டேக்கை எடுத்துவிட்டார். 'மேல்முறையீட்டாளர்'.

அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. கேட்டில் அவளுக்கும் ஒரு பச்சை டேக் நீட்டப்பட்டது, கார் சாவி இல்லாததால் பையில் மாட்டிக்கொண்டாள். மங்கலான கண்ணோடு நேராக உள்ளே நடந்து வந்தாள். தம்பியும் மேலாளரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். இருவருக்கும் ஒரே உயரம். அவள் எட்டி மேலாளரின் காதைப் பிடித்துத் திருகினாள்.

"ஏன்டா, இத்தனை வருஷம் கழிச்சு வர்றேன், ஸ்டேஷனுக்கு வரத் துப்பில்லையா உனக்கு? முடியெல்லாம் எங்கடா போச்சு?"

"மேடம், நான் மேலாளர்," என்றார் மேலாளர், காதை விடுவிக்க முடியாமல்.

"அக்கா, நான் இங்க," என்று கண்ணாடிக்காரர் அவசரமாகக் கையைத் தூக்கினார். சாவிக்கொத்து ஜலஜலவென்று குலுங்கியது.

அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "சீ, என்னடா அது? நாட்டியமாடப் போறியா? வா, வண்டியை எடு. எனக்கு உடம்பு அசதியா இருக்கு."

"வண்டி வராதுக்கா. மூணாவது கட்டம் பாக்கி இருக்கு."

அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. தட்டுத்தடுமாறிக் காரைக் கண்டுபிடித்து டிக்கி பக்கம் போனாள். மஞ்சள் முத்திரை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, கையில் ஏதோ ஒட்டியது, கிழித்து எறிந்தாள். போர்வையோடு கடிகாரத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். தம்பி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து, கொத்தோடு சாவியைச் செருகினார். ஜல். ஜல். ஜல்.

"அந்தக் கர்மத்தையெல்லாம் கழட்டித் தொலைடா. மண்டைக்குள்ள மணி அடிக்குது."

"கழட்டக் கூடாதுக்கா. விதி."

"நீ கழட்டறியா, நான் இறங்கட்டுமா?"

கழற்றினார். தங்கம், பச்சை, ஆரஞ்சு, நீலம், வெள்ளி எல்லாம் அக்காவின் பைக்குள் போனது. பைக்குள் துணிகளுக்கு நடுவே அவற்றின் சத்தம் அடங்கியது. கண்ணாடிக்காரர் மொட்டைச் சாவியைப் பழக்கதோஷத்தில் திருகினார்.

கார் கிளம்பியது.

பூட்டு விளக்கு அணைந்துவிட்டது. இஞ்சின் குழந்தைபோல முனகிக்கொண்டு ஓடியது. கண்ணாடிக்காரர் திருதிருவென்று விழித்தார். பிறகு புரிந்தது. கண் சோதிக்க வருகிறவரிடம் அவர் எப்போதும் சொல்வது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படியுங்கள் என்பதுதான். இரண்டும் சேர்ந்தால் எது மங்கல் என்று தெரியாது. சாவியின் தலைக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது. நான்தான் என்று காரிடம் மெல்லிய குரலில் சொல்வது அதன் வேலை. பாவம் அது சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் தொங்கும் மதிப்புமிகு வாடிக்கையாளரும் ஐயத்துக்குரிய உரிமையாளரும் மேல்முறையீட்டாளரும் சேர்ந்து கத்தினால் காருக்கு என்ன விளங்கும்?

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஆலோசகரைப் பார்த்தார். "டேக்கைக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்க!"

ஆலோசகர் ஒரு கணம் நின்றார். பிறகு டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையை நோக்கி ஓட்டம் பிடித்தார். தூசி படிந்த கார் இருமியது, தும்மியது, கிளம்பியது. அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே அழுதார். அதைப் பார்த்ததும் காத்திருப்போர் அறை காலியானது. சோப்புக்காரர் துண்டை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். அந்த அம்மா தொட்டிச் செடியோடு ஓடினார். மைதானம் முழுக்க டேக்குகள் பறந்தன, இஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின.

கேட்டில் எல்லாம் நின்றது. "டேக் இல்லாம கேட் திறக்காதுங்க," என்றார் வாட்ச்மேன் வருத்தத்தோடு.

அக்கா கடிகாரத்தைத் தம்பி மடியில் தள்ளிவிட்டு இறங்கினாள். பையிலிருந்த டேக்குகளை எடுத்து, வழியில் சிதறிக் கிடந்தவற்றையும் ஆலோசகர் அள்ளிக் கொடுக்க, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கேட் கம்பத்தின் முன்னால் நின்றாள். கேட் வாயைப் பிளந்தது, மூடவே இல்லை. கார்கள் வரிசையாக வெளியேறின. அவளுக்கு எது தம்பியின் கார் என்று தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு காரையும் பார்த்து, "டேய், என்னை விட்டுட்டுப் போறியாடா?" என்று திட்டினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே கையாட்டிப் போனார்கள். கடைசியாக வந்த தம்பி கதவைத் திறந்து அவளைப் பிடித்து உள்ளே இழுத்தார். துரத்திக்கொண்டு ஓடிவந்த மேலாளரின் கையில் அவள் டேக்குகளைத் திணித்தாள்.

பிறகு நடந்ததை ஆலோசகர் கண்ணாடி மாற்ற வந்தபோது சொன்னார். மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாராம். "நம்ம சரித்திரத்திலேயே பெரிய திருட்டு சார். உரிமையாளருங்க எல்லாரும் கூட்டுச் சேர்ந்து, என் கண்ணு முன்னாலயே, அவங்கவங்க காரை அவங்கவங்களே எடுத்துட்டுப் போயிட்டாங்க." பிறகு வீட்டுக்குக் கிளம்பினார். டேக் எல்லாம் சாவியில்தான் தொங்க வேண்டும் என்பது விதி. மனிதர் விதியை மீறாதவர். அவ்வளவையும் தன் சாவியில் கோத்துக்கொண்டு திருகினார். சிவப்பு விளக்கு மினுக்கியது. மேலாளர் காரோடு வாதாடவில்லை. அமைதியாக இறங்கி, அறைக்குத் திரும்பி, தனக்கே ஓர் ஆரஞ்சு டேக் எடுத்து மாட்டிக்கொண்டாராம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவும் தம்பியும் வெகுநேரம் பேசவில்லை. அவருக்குப் பேச வராது. அவளுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது அவள் போர்வையை விலக்கி, கடிகாரத்தின் முகத்தை விரலால் தடவினாள்.

"தூசியே இல்லையே."

"தினம் துடைப்பேன்."

"ஓடாத கடிகாரத்தை எதுக்குடா தினம் துடைக்கணும்?"

அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு சின்னப் பித்தளைச் சாவியை எடுத்தாள். அலமாரியில் சும்மா கிடந்ததுதான். எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். ஸ்டேஷனில் அதை அவர் கையில் கொடுத்துவிடத்தான் அவளும் கொண்டுவந்திருக்கிறாள். பேச்சில்லாமல் கொடுத்துவிட.

அவளுக்குத் துவாரம் தெரியவில்லை. அவர் அவள் கையைப் பிடித்து இடம் காட்டினார். அவள் திருகினாள். கடிகாரம் ஒருமுறை விக்கியது, பெண்டுலம் அசைந்தது, பிறகு இத்தனை வருஷத்துக் கணக்கையும் ஒரேயடியாகத் தீர்ப்பதுபோல டங் டங்கென்று அடிக்கத் தொடங்கியது. சிக்னல் பச்சை விழுந்து, பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தும், அது நிறுத்துவதாக இல்லை.

"ஐயோ, என்னா சத்தம் இது, தலையே வெடிச்சுடும் போலிருக்கு," என்றாள் அக்கா, இரண்டு கையாலும் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "நீ வண்டியை எடுடா."